சுயாட்சி எந்தத் தெருவரை வரும்?



மாநில சுயாட்சிப் பேச்சு மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களை ஆளுநர் முடக்கி வைத்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 15இல், மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மூவர் குழு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 20இல் அதே உச்சநீதிமன்றத்தின் அய்ந்து நீதிபதிகள், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ஆளுநருக்குக் கெடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, ஆனால் ஆளுநர் மசோதாவைக் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்பது அந்தப் பதில். ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை வாங்கிக்கொண்ட கதை.

"கோட்டைக்கும் ஆளுநர் மாளிகைக்கும் சண்டை. இதுல நமக்கு என்னங்க வந்துச்சு?" என்று நம் வாசகத் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

நம்மவர்களிடையே இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று: "தில்லிதான் நமக்குப் பாதுகாப்பு. பாபாசாகேப் வலுவான மைய அரசைத்தானே கேட்டாரு? மாநிலத்துக்கு அதிகாரம் போனா அது ஆதிக்க சாதிக்காரன் கைக்குத்தான் போகும்." இன்னொன்று: "தமிழ்நாட்டு அதிகாரம் முழுசா தமிழன் கைக்கு வரட்டும். சாதியை அப்புறம் பாத்துக்கலாம்." இரண்டையும் நாம் ஏற்கவில்லை. முதல் பதில் நம் விதியைத் தில்லியிடம் அடகு வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கச் சொல்கிறது. இரண்டாம் பதில் வரிசையில் கடைசியாக நிற்கச் சொல்கிறது. அந்த வரிசையில் நாம் நின்றது போதும்.

அதிகாரம் தில்லியில் இருக்கிறதா, கோட்டையில் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அது ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறதா, சேரி வரைக்கும் வந்து சேர்கிறதா என்பது மீதிப் பாதி. சுயாட்சி பேசுகிற மேடைகளில் இந்த மீதிப் பாதியை யாரும் எடுப்பதில்லை. நாம்தான் எடுக்க வேண்டும்.

இந்தச் சண்டை நமக்கு முன்னாலேயே ஒரு நாட்டில் ரத்தம் சிந்தி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1787இல் அரசியல் சட்டம் எழுதும்போதே மாநில இறையாண்மைத் தகராறு தொடங்கிவிட்டது. 1791இல் சேர்ந்த பத்தாவது திருத்தம், மைய அரசுக்கென்று எழுதிக்கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'மக்கள்' கணக்கில் அடிமைக் கறுப்பர் இல்லை. நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும்போது மட்டும் அடிமைகள் 5 பேரை 3 பேராக எண்ணிக்கொள்ளலாம் என்றது அதே அரசியல் சட்டம். ஓட்டில்லாதவன் தலையை எண்ணி ஆண்டைக்கு இடம் கொடுத்தார்கள்.

தெற்கத்திப் பண்ணையார்கள் 'மாநில உரிமை' என்று முழங்கினார்கள். மைய அரசின் சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவிக்கலாம் என்று தெற்கு கரோலினாவின் கால்கூன் தத்துவமே எழுதினார். ஆனால் தப்பியோடும் அடிமையைப் பிடித்து ஆண்டையிடம் ஒப்படைக்க 1850இல் மைய அரசே சட்டம் போட்டபோது இவர்களுக்கு அது இனித்தது. வடக்கே விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 1859இல் நாட்டின் உச்சநீதிமன்றம் விஸ்கான்சின் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. 1860 டிசம்பரில் தெற்கு கரோலினா பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். வடமாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் போட்டுக்கொண்டு அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பதுதான் அதில் பெரிய புகார். அப்போ மாநில உரிமை எங்கே போச்சு? அவர்கள் காப்பாற்ற நினைத்தது மாநிலத்தை அல்ல, அடிமையை.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865, 1868, 1870 ஆண்டுகளில் மூன்று திருத்தங்கள் வந்தன. அடிமை முறை ஒழிந்தது, குடியுரிமையும் ஓட்டும் எழுத்தில் கிடைத்தன. 1877இல் மைய அரசின் படை தெற்கிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. 1883இல் உச்சநீதிமன்றம், சம உரிமைத் திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், ஓட்டல்காரனையும் நாடகக் கொட்டகைக்காரனையும் ரயில் கம்பெனியையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்தில் 9 கறுப்பு மாணவர்கள் நுழைவதை, அர்கன்சாஸ் மாநில ஆளுநர் தன் மாநிலப் படையை நிறுத்தித் தடுத்தார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்ம முதலமைச்சர் மாதிரி. பிள்ளைகளைப் பள்ளிக்குள் கூட்டிப்போக நாட்டின் ராணுவமே வரவேண்டியிருந்தது. 1964இலும் 1965இலும் வந்த உரிமைச் சட்டங்கள் தெருவில் அடிபட்ட கறுப்பர்கள் வாங்கியவை. 2013இல் உச்சநீதிமன்றம், 1965 ஓட்டுரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான பகுதியை, மாநிலங்களின் சம மரியாதையைக் காரணம் காட்டிச் செயலிழக்க வைத்தது.

இதிலிருந்து "மைய அரசே சரணம்" என்ற பாடத்தை எடுக்கக் கூடாது. 1850இல் ஆண்டை பக்கம் நின்றதும் மைய அரசுதான். அடிமைக்குக் கதவு திறந்ததும் ஒரு மாநிலம்தான். எந்த அதிகாரம் யார் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்க வேண்டியவன் அடிபட்டவன்.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை அந்த நாட்டில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1947இல் அவர் வெளியிட்ட 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் இந்த நாட்டுக்கு அவர் வைத்த பெயரே இந்திய அய்க்கிய நாடுகள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், தனிநபரை விட்டுவிட்டுக் கிராமத்தை அரசியலின் அலகாக வைக்கச் சொன்னவர்களை அவர் எப்படிச் சாடினார் என்பது நமக்குத் தெரியும். 1955இல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதும்போது அவர் மொழிவாரி மாநிலத்தை எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மொழி மாநிலத்திலும் எண்ணிக்கை பெருத்த ஒன்றிரண்டு சாதிகள் இருக்கும், மற்றவர்கள் அவற்றின் காலடியில் கிடக்க நேரிடும், அதற்குத் தடுப்பு வேண்டும் என்றார். அவர் கேட்டது வெறும் 'வலுவான மையம்' இல்லை. பலவீனமானவனுக்கு எட்டும் பாதுகாப்பு. அது எந்த மட்டத்தில் கிடைக்கும் என்பதைத்தான் அவர் கடைசிவரை தேடினார்.

அரசியல் சட்டத்தில் அந்தத் தேடலின் தடயம் இருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு எல்லோருக்கும் தெரியும். 35ஆம் பிரிவை யாரும் பேசுவதில்லை. தீண்டாமைக் குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்றலாம், மாநிலச் சட்டமன்றம் இயற்ற முடியாது என்கிறது அது. ஏன்? சேரியைச் சுற்றி இருக்கிற ஊர்தான் மாநிலச் சட்டமன்றத்திலும் உட்கார்ந்திருக்கும் என்பதால். அமெரிக்கா 1883இல் தப்பவிட்ட ஓட்டல்காரனை நம் 15ஆம், 17ஆம் பிரிவுகள் தப்பவிடவில்லை. டீக்கடைக்காரனையும் கிணற்றுக்காரனையும் பெயர் சொல்லாத குறையாகப் பிடித்திருக்கின்றன.

அந்தப் பிரிவின்படி வந்த முதல் சட்டம் 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம். அதே 1955 ஜனவரியில்தான் சேக்காட்டுக்குப் பக்கத்திலேயே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. பிறகு இங்கே டேங்க் ஃபாக்டரி வந்தது. மத்திய அரசு ஆலை என்பதால் இடஒதுக்கீட்டில் நம் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போக முடிந்தது. இந்த வட்டாரத்தில் கூரை வீடு ஒட்டு வீடானதற்கும் அந்தச் சம்பளத்துக்கும் தொடர்பு உண்டு. தில்லியால் நமக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்வது பொய். அதே தில்லி 2021 அக்டோபர் 1 அன்று அந்த ஆலைகளைக் கம்பெனிகளாக மாற்றியது. எந்த மாநிலத்தையும் கேட்கவில்லை, தொழிலாளியையும் கேட்கவில்லை.

இப்போது கோட்டைப் பக்கம் வருவோம். போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தில்லியுடையது, எஃப்.ஐ.ஆர். போடுகிற ஏட்டு கோட்டையுடையவர். அந்தச் சட்டத்தின் 1995 விதிகளின்படி முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஒவ்வோராண்டும் ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். இதைக் கூட்ட எந்த ஆளுநரின் கையெழுத்து வேண்டும்?

பஞ்சமி நிலம் 1892இல் வெள்ளைக்காரன் ஒதுக்கியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை அதற்குக் காரணம். நம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கமெல்லாம் அப்போது அந்தச் செங்கல்பட்டு மாவட்டம்தான். அந்த நிலத்தை மீட்கக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். சுட்டது தில்லிப் போலீஸ் இல்லை. சாதி ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு நம் தொண்டை வறண்டுவிட்டது. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மாநிலம் போடலாம். 2016இல் உடுமலையில் சங்கர் வெட்டப்பட்டார். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் வெட்டப்பட்டார். அதன் பிறகுதான், அக்டோபரில், சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்ற அறிவிப்பு வந்தது. இடையில் போன ஒன்பது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

மலக்குழிக் கதை இன்னும் கொடுமை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சுகாதாரம் மாநில விவகாரம் என்பதால், தீர்மானம் போட்டுக் கேட்ட 6 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டும் அது பொருந்தும், மற்ற மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1997 ஜனவரி 26இல்தான் அமலுக்கே வந்தது. மனுசன் மலம் அள்ளலாமா கூடாதா என்பதில் மாநிலத்துக்கு விருப்பத் தேர்வு! மாநில உரிமை என்ற சொல் நம் தலையில் கூடையாக இறங்கிய இடம் இது. நாடு முழுவதற்குமான சட்டம் 2013இல்தான் வந்தது. அதற்காகத் தில்லியைக் கும்பிடவும் வேண்டாம். ரயில் பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் மலம் கொட்டி, பல பத்தாண்டுகள் நம்மை வைத்தே வாரவிட்டது மத்திய அரசின் ரயில்வே. 2024இல் நம் ஆவடியிலும் ஒரு தொழிலாளி பாதாளச் சாக்கடையில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தார். சட்டம் இருந்தது, மாநகராட்சி இருந்தது, கோட்டை இருந்தது, தில்லியும் இருந்தது.

தில்லியின் மற்ற கணக்கையும் பார்ப்போம். தமிழகத்தில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஒரு முறையாவது சேரி எரிந்ததற்காக வந்ததா? 1968இல் வெண்மணியில் 44 பேர் கருகினார்கள், 356 எட்டிப் பார்க்கவில்லை. பீகாரில் 1999 பிப்ரவரியில் தலித் படுகொலைகளை ஒட்டி 356 வந்தது, மாநிலங்களவையில் ஆள்பலம் இல்லாமல் ஒரு மாதத்துக்குள் திரும்பிப் போனது. கல்வியை 1976இல் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றினார்கள். அந்த வழியில் வந்த நீட், 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவை 2017இல் கொன்றது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்துவத்துக்குப் போன தலித்தைப் பட்டியலிலிருந்து வெளியே நிறுத்தியது. சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2018 மார்ச் 20இல் வன்கொடுமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது உச்சநீதிமன்றம். ஏப்ரல் 2 அன்று தெருவில் இறங்கிய நம் சனங்கள்தான் நாடாளுமன்றத்தைப் பிடரியில் தள்ளித் திருத்தம் போட வைத்தார்கள்.

மாநில அதிகாரம் நமக்கு உதவியதே இல்லையா? உதவியிருக்கிறது. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சென்னை மாகாணச் சட்டம், பொதுக்கிணறும் பொதுச்சாலையும் நமக்கும் உண்டு என்றது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழகச் சட்டமன்றம் கொடுத்தது. மாநிலத்துக்கு அப்படிப் பிரிக்கும் அதிகாரம் உண்டென்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. நமக்குள் இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் நமக்கும் கீழே அமுக்கப்பட்ட சனத்துக்கு மாநிலம் ஒரு படி கட்டிக் கொடுத்தபோது, அதைத் தடுக்கத் தில்லியின் பட்டியலைக் காட்டுவது நமக்கு அழகில்லை.

இனி, கோட்டைக்கும் கீழே இருக்கும் அதிகாரம். 1992இன் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளில் நமக்குத் தலைவர் நாற்காலியை ஒதுக்கியது. 1996இல் தேர்தல் வந்தது. 1997 ஜூன் 30இல் மேலவளவில் முருகேசனையும் தோழர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்தாண்டுகள் நம் ஆள் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று, ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் வந்துதான் ஏற்ற முடிந்தது. 1994 ஊராட்சிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரைப் பதவிநீக்கும் அதிகாரத்தை ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறது. தில்லி கையில் 356 இருக்கக் கூடாது என்று 1971இலேயே ராஜமன்னார் குழு சொன்னது. சரி. கோட்டை கையில் 205 இருக்கலாமா? மேலே இருப்பவனிடம் சுயாட்சி கேட்பவர், கீழே இருப்பவளுக்குக் கொடுத்தாரா?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் ஒன்றைத் தினமும் பார்க்க முடிகிறது. பாஸ்புக்கோடு கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். "சார், ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சா?" போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மைய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40 என்று 2020 டிசம்பரில் முடிவானது. மாநிலம் தன் 40அய் விடுவித்த பிறகுதான் மைய அரசின் 60 பிள்ளையின் கணக்குக்கு நேரே வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும். இரண்டு அரசுகளும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கும்போது செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி நாள் மட்டும் நிற்காமல் வந்துவிடுகிறது. கூட்டாட்சித் தத்துவம் என்பது அந்தப் பாஸ்புக்கில் ஏறாத வரியும்தான்.

ஆகவே நம் நிலைப்பாட்டைத் திட்டவட்டமாகச் சொல்கிறோம். ஆளுநர் மசோதாவை முடக்குவதையும், கல்வி உரிமையைத் தில்லி பறித்ததையும், 356அய்யும் எதிர்க்கிறோம். மாநில சுயாட்சியை ஆதரிக்கிறோம், நிபந்தனையோடு. நம் உரிமையைக் காக்கும் தில்லிச் சட்டம் தரையாக இருக்கட்டும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாது. ஆனால் அது கூரையாக இருக்கக் கூடாது, அதற்கு மேலே எழுப்ப மாநிலத்துக்குத் தடை கூடாது. தில்லியிலிருந்து கோட்டைக்கு வரும் ஒவ்வொரு அதிகாரத்தோடும், கோட்டையிலிருந்து ஊராட்சிக்கும் நகர வார்டுக்கும் போகும் பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். 205ஆம் பிரிவு ஆட்சியரின் கையைவிட்டுப் போக வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்கவும், வன்கொடுமைக் கண்காணிப்புக் குழுக்களைக் கெடுப்படி கூட்டவும், உதவித்தொகையின் 40அய்க் கல்லூரி திறக்கும்முன் கட்டவும் எந்த அரசியல் சட்டத் திருத்தமும் தேவையில்லை. இவற்றை முதலில் செய்யட்டும்.

1969இல் அமைத்த ராஜமன்னார் குழுவின் மூவரில் ஒருவர்கூட நம்மவர் இல்லை. அதன் மீது 1974 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோதும் சேரியின் குரல் அங்கே கேட்கவில்லை. இந்த முறை நம் குரலைக் கேட்டு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த ஓராண்டில் எத்தனை முறை கூடியது, என்ன தீர்மானம் போட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வருகிற பதிலை, பதில் வரவில்லையென்றால் அந்த மவுனத்தை, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அச்சேற்றுவோம். சுயாட்சி மேடை எங்கே போட்டாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம்: அய்யா, உங்க சுயாட்சி எங்க தெருவுக்கு எப்ப வரும்?

ஜெய்பீம்.